ஏழாம் எண் கிழங்கு

இராசிபுரம்
6 ஜனவரி 2025

அன்புள்ள திருமதி பூங்குழலி ரமேஷ்குமார் அவர்களுக்கு,

கானகத் திறன் கழகத்தின் ஒன்பது ஆண்டு வரலாற்றில் மிக முக்கியமான முடிவு நேற்று மாலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு எடுக்கப்பட்டது என்பதைச் செயலாளர் என்ற முறையில் தெரிவித்துக்கொள்கிறேன். கழகத் தொப்பியின் நாடாவை உறுப்பினர்கள் இனி தாடைக்குக் கீழே கட்டுவார்கள். பிடரியில் கட்டும் வழக்கம் இத்துடன் முடிகிறது. விவாதம் நான்கு மணி நேரம் நடந்தது. காற்றடித்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு மட்டும் ஐம்பது நிமிடம் ஆயிற்று. பிடரித் தரப்பைச் சேர்ந்த இருவர் விலகினர். அவர்களுடைய கொள்கைப் பிடிப்பை மதித்து, தொப்பிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

எஞ்சியிருக்கும் இருபத்திரண்டு அரசு ஊழியர்களும் வழக்கம்போல ஃபைல்களைக் கீழே விட்டுவிட்டு மலைக்கு வருகிறோம். தீ மூட்டுவதும் முடிச்சுப் போடுவதும் திசை காண்பதும் முந்தைய முகாம்களில் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தாயிற்று. பிப்ரவரி 15, 16 முகாமின் பொருள் ‘காட்டுக் கிழங்கு’. தங்கள் பலாமரத்தடியை இம்முறையும் தர வேண்டுகிறோம். கிழங்குகளைத் தங்கள் கணவர், எங்கள் கௌரவ வழிகாட்டி திரு. ரமேஷ்குமார் தோண்டித் தருவார். சமைத்த கிழங்கின் முதல் கவளத்தை உண்ணும் மரியாதையும் அவருக்கே அளிக்கப்படுகிறது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

விதி ஐந்தின்படி கழக விவகாரம் எதுவும் கைபேசியில் பேசப்படாது. காட்டில் ஏது கைபேசி? ஆகவே பதிலைக் கடிதமாகவே அனுப்பவும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓம்பிரகாஷ்
செயலாளர்


வளப்பூர் நாடு
11 ஜனவரி 2025

சார் அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் நேற்று வந்தது. அவருக்குப் படித்துக் காட்டினேன். போன வருஷம் நீங்கள் கொடுத்த தொப்பியை எடுத்து, நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டி, கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது நான்தான்.

பலாமரத்தடி உங்களுக்கு எப்போதும் உண்டு. கிழங்கு மட்டும் பிப்ரவரியில் வேண்டாம்.

நீங்கள் ஆறு வருஷம் இந்த மலையில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் வள்ளிக்கிழங்கு சாப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் அது தட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் காட்டு வள்ளியைக் கொடியைப் பிடித்துக்கொண்டே தோண்டுவோம். கொடியை அறுக்காமல் அதையே கிழங்கின் மேல் சுற்றிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவோம். அடுப்பில் பானை கொதித்த பிறகுதான் அவிழ்ப்போம். கொடியில்லாத கிழங்கை யாரும் கொடுக்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். கண்வலிக்கிழங்குதான் காரணம். அதுவும் அதே புதரில்தான் ஏறும். கொடியைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். கொடியில்லாமல் ஒரு துண்டாகப் பார்த்தால் எனக்கே தெரியாது. கண்வலியைத் தின்றவர் அன்று மத்தியானம் நன்றாகத்தான் இருப்பார். சாயங்காலம் வாந்தி வரும். மூன்றாம் நாள் ஆள் இருக்க மாட்டார். வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது.

பிப்ரவரியில் கொடியெல்லாம் காய்ந்து, தொட்டாலே ஒடியும். இலை, பூ எதுவும் இருக்காது. அக்டோபரில் வாருங்கள், எல்லாம் பச்சையாக இருக்கும்.

இதைப் பக்கத்து வீட்டுப் பாப்பாயி அத்தையிடம் சொன்னேன். “ஏனுங்க, கொடியில்லாத கெழங்கு ஊர்பேர் சொல்லாத மாப்பளையாட்டங்க. பாக்க நல்லாத்தான் இருப்பான். பொண்ணக் குடுத்துப்போட்டுத்தான் தெரியும்” என்றார். இதையும் கழகத்தில் படிக்கலாம்.

இப்படிக்கு,
ரா. பூங்குழலி


இராசிபுரம்
18 ஜனவரி 2025

அன்புள்ள திருமதி பூங்குழலி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் செயற்குழுவில் முழுமையாக வாசிக்கப்பட்டு, ‘சுவையான தகவல்’ எனப் பதிவேட்டில் ஏற்றப்பட்டது. திருமதி பாப்பாயி அவர்களின் கருத்து பொருளுக்குப் புறம்பானது எனத் தலைவர் நீக்கினார். ஆனால் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

அக்டோபருக்குள் பெரும்பாலான உறுப்பினர்களுக்குத் தற்செயல் விடுப்பு தீர்ந்துவிடும் என்பதால் பிப்ரவரியே உறுதி செய்யப்படுகிறது.

கொடியைப் பற்றி: கொடியோடு வைத்தால் விடை தெரிந்துவிடும் என்று தலைவர் பிலிப் அவர்கள் சுட்டிக்காட்டினார். விடை தெரிந்தால் அது தேர்வல்ல. ஆகவே கிழங்குகள் கொடி நீக்கி, மண் கழுவி, எல்லாம் ஆறு அங்குல நீளத்துக்கு நறுக்கப்பட்டு, வெள்ளைத் துணியில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டு வைக்கப்படும். பதினொன்று தங்கள் கணவர் தருவது. பன்னிரண்டில் ஒன்று மட்டும், தலைவர் தம் வீட்டுத் தோட்டத்தில் பூவுக்காக வளர்க்கும் கண்வலிக்கிழங்கு. அதைத் தாமே தோண்டிக் கொண்டுவருகிறார். எந்த எண் நஞ்சு என்று உறுப்பினர்கள் எழுத வேண்டும். சரியான எண் சீல் வைத்த கவரில் தலைவரிடம் இருக்கும். சரியாக எழுதுபவருக்குச் சுழல் கோப்பை.

தங்கள் கடிதம் வந்திருக்காவிட்டால் இந்த எண்ணம் எவருக்கும் தோன்றியிருக்காது. கழகம் தங்களுக்கு நன்றி தெரிவிக்கிறது.

தேர்வு முடிந்ததும், அந்த ஒன்று நீங்கலாக, மற்றக் கிழங்குகள் வீணாகாமல் சமைக்கப்படும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓம்பிரகாஷ்


வளப்பூர் நாடு
24 ஜனவரி 2025

சார்,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்லியிருந்தது.

உங்கள் முகாம்களை நான் குறை சொன்னதில்லை. போன ஜூலையில் திசை காணப் போன நான்கு பேர் அடிவாரத்தில் காரவள்ளி டீக்கடை பெஞ்சில் கிடைத்தார்கள். பஸ் ஏறி எல்லா வளைவும் இறங்கிப் போயிருந்தார்கள். ‘திசை கண்டறியப்பட்டது’ என்று எழுதினீர்கள். அதற்கு முந்தின முகாமில் கட்டையைத் தேய்த்துத் தீ மூட்டினீர்கள். மூன்று மணி நேரம் தேய்த்தும் புகைகூட வரவில்லை. மரத்துக்குப் பின்னால் நின்று தீப்பெட்டியைக் கிழித்துச் சருகில் போட்டவர் என் வீட்டுக்காரர். எல்லாரும் கை தட்டினீர்கள், அவரும் சேர்ந்து தட்டினார். அவர் சுபாவம் அப்படி, சார். நீங்கள் யாரும் தோற்றுப்போவதைப் பார்க்க அவரால் முடியாது. அவர் கையில் எதைக் கொடுத்து ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்.

ராத்திரி சாப்பாட்டில் இதைப் பேசினோம். “நீ ஏங்கண்ணு பயப்படற? ஒண்ணா ரெண்டா, இருவத்திரண்டு ஆபீசருங்க. நம்பர் போட்டு, எழுதி, கவருக்குச் சீல் வெச்சிருக்காங்க” என்றார்.

“கவருக்குச் சீல் வெச்சா கெழங்குக்குத் தெரியுமாங்க?”

“பிலிப் சார் கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்றேன்னு சொல்லியிருக்காருங்கறேன். போயி, உங்க கெழங்கத் திங்க மாட்டேன்னு சொல்லட்டுமா?”

அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. இன்றோடு இரண்டு நாள்.

உங்களிடம் கேட்பது இதுதான். முதல் கவளம் அவருக்கு வேண்டாம். அது முடியாதென்றால், தேர்வுக்கு வைக்கும் கிழங்கில் ஒன்றுகூட அடுப்புக்குப் போகக் கூடாது. சமையலுக்கு நானே தனியாகத் தோண்டித் தருகிறேன், கொடியோடு.

பூங்குழலி


இராசிபுரம்
1 பிப்ரவரி 2025

அன்புள்ள திருமதி பூங்குழலி அவர்களுக்கு,

தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. இதற்கென மூவர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டு, இரண்டு கூடைகள் வாங்கப் பரிந்துரைத்தது. ஒன்றில் ‘தேர்வு’ என்றும் மற்றொன்றில் ‘சமையல்’ என்றும் அட்டை கட்டப்படும். தேர்வுக் கூடையில் பன்னிரண்டு, சமையல் கூடையில் நாற்பது. எண்ணிக்கையைச் சரிபார்க்கும் பொறுப்பு செயலாளருடையது. அதாவது என்னுடையது. ஒழுங்கு கருதி இரண்டு கூடையிலும் கிழங்குகள் ஒரே அளவில் இருக்கும்.

முதல் கவளத்தை மாற்ற இயலவில்லை. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

உறுப்பினர் ஸ்டெல்லா, தாங்கள் அறிந்த செவிலியர்தான், பலாமரத்தடியிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வியாதலால் மார்ச் 9 கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

தங்கள் உண்மையுள்ள,
ஓம்பிரகாஷ்

இது பதிவுக்கு அல்ல. அலுவலகத்திலும் பிலிப் சார்தான் எனக்கு மேலதிகாரி. கூட்டத்தில் இரண்டு முறை வாயைத் திறந்தேன். முதல் முறை இருமல் வந்தது. இரண்டாவது முறை டீ வந்தது. கிழங்கை நானே எண்ணுவேன். அதை மட்டும் நம்புங்கள்.


வளப்பூர் நாடு
7 பிப்ரவரி 2025

சார்,

அட்டையைக் கூடையில் கட்டுவீர்கள், கிழங்கில் கட்ட மாட்டீர்கள். கூடை அப்படியே இருக்கும், கிழங்கு கை மாறும். எண்ணிக்கையை நம்பச் சொல்கிறீர்கள். நாற்பது என்று எண்ணினால் நாற்பது இருக்கிறது என்றுதான் தெரியும்.

சமையலுக்கு நாற்பதையும் நான் தோண்ட ஆரம்பித்துவிட்டேன். காலையில் பனி ஈரம் இருக்கும்போதுதான் கொடி ஒடியாமல் வருகிறது. வெயில் ஏறினால் விட்டுவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. ஒவ்வொன்றையும் அதனதன் கொடியால் சுற்றி, மேலே வாழைநாரால் ஒரு கட்டு. கொடி ஒடிந்து தனியாக வந்தது எதுவோ அதைக் குழியிலேயே போட்டு மூடிவிட்டேன். இதுவரை அப்படி ஒன்பது போயிற்று.

முகாமன்று அடுப்புப் பக்கத்தில் நான் நிற்பேன். கொடியை நான்தான் அவிழ்ப்பேன். உறுப்பினர் இல்லை என்று யாராவது சொன்னால், நிலம் யாருடையது என்று திருப்பிக் கேட்பேன்.

அவர் நேற்று பேசினார். “உப்பு எங்க?” என்றார்.

பூங்குழலி


இராசிபுரம்
11 பிப்ரவரி 2025

அன்புள்ள திருமதி பூங்குழலி அவர்களுக்கு,

அடுப்பிலிருந்து பத்தடி தூரத்தில் ‘சிறப்புப் பார்வையாளர்’ என்ற தகுதியில் தாங்கள் நிற்கத் தலைவர் இசைந்துள்ளார். கொடியை அவிழ்ப்பது துப்புரவுக் குழுவின் பணி என்பதால் அது குறித்து நேரில் பேசிக்கொள்ளலாம் என்கிறார். நேரில் தாங்கள் பேசினால் அவர் இணங்குவார் என்றே நானும் நினைக்கிறேன். ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, தாங்கள் அங்கே இருப்பீர்கள் என்பதில் எனக்கு நிம்மதி.

ஓம்பிரகாஷ்


முள்ளுக்குறிச்சி
13 பிப்ரவரி 2025

சார்,

இதை இராசிபுரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் முகாம் முடிந்துதான் வரும்.

நேற்று காலை அப்பா கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. அம்மா இல்லாத வீடு. நான் கீழே வந்துவிட்டேன். திங்கட்கிழமை வரை அசைய முடியாது.

நாற்பதும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்கில் இருக்கிறது. கிளம்பும்போது அவரிடம் சொன்னேன்: “யார் கேட்டாலும் கொடிய அறுக்க உடாதீங்க. பானை கொதிக்கட்டும். நீங்களே உங்க கையால ஒவ்வொண்ணா அவுத்துப் போடுங்க.”

“சரி சாமி.”

“தொப்பியக் கழட்டிப்போட்டுக் கேளுங்க.”

கழற்றிவிட்டுக் கேட்டார். ஆனால் உங்கள் முன்னால் அவர் எப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே சொல்வார், நீங்களும் சிரிப்பீர்கள். அதனால் உங்களிடமும் சொல்கிறேன். நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். சாக்கைத் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கொடி இல்லாமல் ஒரு துண்டுகூட அவர் வாய்க்குப் போகக் கூடாது.

முகாம் முடிந்ததும் நல்லபடியாக முடிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். முள்ளுக்குறிச்சி விலாசத்துக்கு.

பூங்குழலி


இராசிபுரம்
16 பிப்ரவரி 2025, மாலை 7 மணி

அன்புள்ள திருமதி பூங்குழலி அவர்களுக்கு,

முகாம் இனிதே நிறைவுற்றது. விவரம் பின்வருமாறு.

துப்புரவுக் குழு இன்று காலை எட்டு மணிக்குத் தொடங்கவேண்டிய பணியை ஏழரைக்கே முடித்துப் பாராட்டுப் பெற்றது. நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் சாக்கு திறக்கப்பட்டு, நாற்பது கிழங்கும் கொடி நீக்கி, கழுவி, ஆறு அங்குலத்துக்கு நறுக்கி, கூடையில் இருந்தன. திரு. ரமேஷ்குமார் அப்போது, “கொடிய அறுக்காதீங்க சார், ஊட்டுல தெரிஞ்சா என்னையத்தான் திட்டுவாங்க” என்று சொன்னாராம். “கரடிக்குப் பயப்படாதவன் சம்சாரத்துக்குப் பயப்படறான் பாருங்க” என்றார் தலைவர். நல்ல சிரிப்பு. தங்கள் கணவரும் சிரித்தார்.

ஒன்பது மணிக்கு எண்ணினேன். தேர்வுக் கூடையில் பதிமூன்று இருந்தன. சமையல் கூடையில் முப்பத்தொன்பது. கழுவும்போது யாரோ ஒன்றைக் கூடை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஆகவே தேர்வுக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துச் சமையல் கூடையில் வைத்து, பன்னிரண்டு, நாற்பது எனச் சரிசெய்தேன். ஈரத்தில் எண் சீட்டுகள் நழுவிக் கிடந்ததால் வரிசைப்படி மறுபடி ஒட்டினேன். இரண்டு எண்ணிக்கையும் சரியாக இருந்தன. பதிவேட்டில் கையெழுத்திட்டேன்.

பத்து மணிக்குத் தேர்வு. பன்னிரண்டே காலுக்குத் திரு. ரமேஷ்குமார் கைத்தட்டலுக்கிடையே முதல் கவளம் உண்டார். எப்படி இருக்கிறது என்று தலைவர் கேட்டதற்கு, “நல்லாருக்குதுங்க சார். லேசாக் கசப்புத் தட்டுது. மண்ணோட வாகா இருக்கும்” என்றார். உப்பைத் தொட்டுக்கொண்டு தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டார். நன்றியுரை முடியும் வரை மற்றவர்கள் உண்ணக் கூடாது என்பது விதி.

நன்றியுரைக்கு முன் கவர் பிரிக்கப்பட்டது. ஏழாம் எண் என்று இருந்தது. தலைவர் ஏழாம் எண் கிழங்கைத் தூக்கிக் காட்டி, கண்வலியின் இயல்புகளை விளக்கத் தொடங்கினார். அது கண்வலி மாதிரித் தெரியவில்லையே என்றார் ஸ்டெல்லா. தலைவர் தாம் தோண்டிய கிழங்கு தமக்குத் தெரியாதா என்றார். மற்றப் பதினொன்றையும் பார்த்தோம். தெளிவு ஏற்படவில்லை. இவ்வாறு ஐயம் எழுந்ததால், உறுப்பினர்களின் நலன் கருதி, சமைத்த கிழங்கைத் தவிர்த்து இராசிபுரத்திலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை சாதம் பரிமாறப்பட்டது.

திரு. ரமேஷ்குமார் நலம். மூன்று மணிக்கு நாற்காலிகளை அவரே வண்டியில் ஏற்றிக் கொடுத்தார். வாந்தி வருகிறதா என்று ஸ்டெல்லா கேட்டபோது இல்லை என்றார்.

இறங்கும் வழியில் ஸ்டெல்லா ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஏழாம் எண் கிழங்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். எதிரே வந்த பஸ்ஸில் ஏறி மறுபடி மேலே போனார். முன் அனுமதி பெறவில்லை.

தங்களிடம் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. ‘ஏழு’ என்று எழுதியவர் வளர்மதி. ‘இவற்றில் நஞ்சு எதுவும் இல்லை’ என்று எழுதியவர் இமானுவேல். ஏழாம் எண் கண்வலியா வள்ளியா என்று தெரியாமல் முடிவை அறிவிக்க முடியவில்லை. கிழங்கைப் பார்த்தால் தங்களுக்குத் தெரியுமா?

பதிவேட்டை எடுத்து எண்ணிக்கையை மறுபடி பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. நாளை முதல் தபாலில் சேர்க்கிறேன்.

ஓம்பிரகாஷ்


இராசிபுரம்
19 பிப்ரவரி 2025

அன்புள்ள திருமதி பூங்குழலி அவர்களுக்கு,

16ஆம் தேதிய என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இன்னும் கைக்கு வந்திருக்காது என்றும் தெரியும். ஸ்டெல்லா பணிக்கு வரவில்லை என்கிறார்கள். அவரது எண்ணிலிருந்து ஞாயிறு இரவு எனக்கு ஐந்து அழைப்புகள் வந்திருக்கின்றன. கழக விவகாரமாக இருக்குமோ என்று எடுக்கவில்லை. பிறகு நான் கூப்பிட்டேன். மூன்று நாளாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஏழாம் எண்ணைப் பற்றித் தலைவர் தினமும் கேட்கிறார். நான் கேட்பது அதுவல்ல. ரமேஷ் எப்படி இருக்கிறார்? ஒரு வரி போதும்.

ஓம்பிரகாஷ்


வளப்பூர் நாடு
25 பிப்ரவரி 2025

சார்,

16ஆம் தேதிக் கடிதம் 20ஆம் தேதி முள்ளுக்குறிச்சிக்கு வந்தது. நான் அங்கே இல்லை. பிறகு அப்பா ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். 19ஆம் தேதிக் கடிதமும் சேர்ந்து கிடைத்தது. இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன்.

ஸ்டெல்லா அக்கா ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். என் வீட்டுக்காரர் பசுவுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டு இருந்தாராம். “ஏனுங்க நர்சம்மா, பஸ்ஸ உட்டுட்டீங்களா? டீ போடட்டுங்களா?” என்று கேட்டாராம். ஆறரைக்கு வாந்தி ஆரம்பித்தது. ஜீப் கிடைக்க ஒன்பது மணி. கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. எனக்கு அக்காதான் போன் செய்தார். உங்கள் தலைவருக்கும் உங்களுக்கும் செய்ததாகவும் யாரும் எடுக்கவில்லை என்றும் சொன்னார். ராத்திரியோடு அவர் போனில் சார்ஜ் தீர்ந்தது. மூன்று நாளும் அங்கேயே இருந்தார், சார்ஜர் கேட்கக்கூட அவருக்கு நேரமில்லை.

செவ்வாய்க்கிழமை வரை என் வீட்டுக்காரருக்குப் பேச்சு இருந்தது. முடி கொத்தாகக் கையோடு வந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “கசப்புன்னு சொல்லிப்போட்டனே, பிலிப் சார் சங்கடப்பட்டிருப்பாரா கண்ணு?” என்று கேட்டார். இல்லை என்றேன். “நீ சொன்னத நான் சொன்னேன். சிரிச்சுப்போட்டாங்க” என்றார்.

புதன்கிழமை காலை இறந்துவிட்டார்.

நீங்கள் கேட்ட விளக்கம். ஏழாம் எண் கிழங்கை ஸ்டெல்லா அக்கா என்னிடம் கொடுத்தார். பார்த்தால் தெரியுமா என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாது என்று ஜனவரியிலேயே எழுதியிருந்தேன். அடக்கம் முடிந்த பிறகு அதை அவித்து நான் தின்றேன். பாப்பாயி அத்தை கத்திக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் தின்றுவிட்டேன். ஐந்து நாளாகிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது வள்ளி. நான் தோண்டியதோ, அவர் தோண்டியதோ.

நீங்கள் எண்ணிக்கையைச் சரிசெய்தபோது எடுத்துப் போட்டதுதான் கண்வலி.

பூங்குழலி


இராசிபுரம்
10 மார்ச் 2025

பூங்குழலி அவர்களுக்கு,

இதில் செயலாளர் என்று கையெழுத்திடவில்லை. அந்தப் பொறுப்பில் இனி நான் இல்லை.

தங்கள் கடிதத்தை நேற்றைய கூட்டத்தில் முழுவதும் படித்தேன். நடுவில் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தவில்லை. ஒன்பது ஆண்டில் நான் பேசி முடித்த முதல் பேச்சு அதுதான். எல்லாரும் எழுந்து இரண்டு நிமிடம் நின்றார்கள். தலைவர் கைக்கடிகாரம் பார்த்து உட்காரச் சொன்னார்.

கூடை மாற்றியவன் நான் என்று சொன்னேன். எந்தக் கிழங்கு என்று பார்க்காமல், மேலாக இருந்ததை எடுத்தேன் என்றும் சொன்னேன். எடுத்த பிறகு எண்ணிக்கை சரியாக இருந்ததா என்று தலைவர் கேட்டார். சரியாக இருந்தது என்றேன். ‘சரிபார்ப்பில் பிழையில்லை’ என்று பதிவாயிற்று. அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், நடந்ததை என் கையால் எழுதிக் கொடுத்தேன். கண்வலிக்கிழங்கு யார் தோட்டத்திலிருந்து வந்தது என்பதும் அதில் இருக்கிறது. நகல் இத்துடன் உள்ளது. தாங்கள் ஜனவரியிலிருந்து எழுதிய கடிதங்களையும் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

தங்கள் வீட்டுக்கு வர இரண்டு முறை காரவள்ளி வரை வந்தேன். பஸ் மேலே கிளம்பியபோது இறங்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்கவே எழுத உட்கார்ந்தேன். தாளை மூன்று முறை மாற்றினேன். அந்த வரியை மட்டும் எழுத முடியவில்லை.

கூட்டத்தில் வேறு என்ன நடந்தது என்று மற்றவர்கள் சொல்லித் தங்களுக்குத் தெரியவருவதைவிட நானே எழுதிவிடுகிறேன். ஏழாம் எண் பற்றிய விளக்கம் தங்கள் கடிதத்தில் இருந்ததால், தேர்வு முடிவு அறிவிக்கப்பட்டது. சுழல் கோப்பை திரு. இமானுவேலுக்கு வழங்கப்பட்டது.

ஓம்பிரகாஷ்